சனம் சொல் கேட்கவில்லையாம்!

கொவிட் காலத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "அரசாங்கம் என்னத்தைச் செய்யிறது, எங்கட சனம் சொல் கேட்காது" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். 2020 மார்ச் 20ஆம் திகதி போட்ட ஊரடங்கு கொழும்பில் மே கடைசி வாரம் வரைக்கும் இழுபட்டது, அவ்வளவு காலமும் இந்த நகரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததா இல்லையா? பிறகு அக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடை கொத்தணிகள் (ஓரிடத்தில் தொடங்கிக் கூட்டமாகப் பரவிய தொற்றுகள்) வந்து வட கொழும்பில் முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கமெல்லாம் திரும்பவும் பூட்டினார்கள். அங்கே தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே இருக்கும், குழாயும் கழிப்பறையும் பொது, புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். அந்தச் சனமும்தான் உள்ளே இருந்தது. 5000 ரூபா கொடுத்தார்கள், சரி, அது எத்தனை நாளைக்குக் காணும்?

பூட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போனது நம்பிக்கை. 2020 ஏப்ரலில், கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இங்கே நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடுமாம். அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையை எரித்த பிறகு பொரளை கனத்தை மயானத்தில் சனம் எதிர்ப்பைக் காட்ட வெள்ளைத் துணி கட்டியது. காய்ச்சல் வந்தால் பிசிஆர் எடுக்கவே ஆட்கள் தயங்கினார்கள் என்றால் அதற்குப் பெயர் அறியாமையா? செத்தால் உடம்பை என்ன செய்வார்கள் என்ற பயம் அது.

அதே டிசம்பரில்தான் கொவிட்டைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணி மருந்துக்குச் சனம் முண்டியடித்தது. அதை வெளிப்படையாகக் குடித்துக் காட்டியவர் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, அடுத்த மாதமே அவருக்கும் தொற்று. அமைச்சரே குடித்தால் சனம் குடிக்காதா?

ஆனால் ஊசி வந்தபோது பாருங்கள், பிள்ளை பிறக்காது அது இது என்று வாட்ஸ்அப்பில் எவ்வளவு புரளி ஓடியும், வெயிலில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். பிடித்து இழுத்துக்கொண்டு போகத் தேவை வரவில்லை.

எரிக்கும் விதியை 2021 பெப்ரவரி கடைசியில் மாற்றினார்கள், அதுவும் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோடு. புதிய ஆராய்ச்சி ஏதும் அந்த வாரம் வந்ததா என்ன? இலங்கை மருத்துவச் சங்கம் அதற்கு முந்தைய மாதமே புதைக்கலாம் என்று சொல்லிவிட்டது. அப்புறமும் உள்ளூரில் இடம் கிடையாது, கொழும்பு ஜனாசாக்களும் (முஸ்லிம்களின் உடல்களும்) கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதுதான். அந்த நிலத்தடி நீர்க் கதையை எந்த ஆதாரத்தில் சொன்னார்கள் என்று யாராவது பொறுப்பேற்றுப் பதில் சொன்னார்களா? அதைத்தான் நான் கேட்கிறேன்.