நாளைக்கே மீன் விடலாமாம்!

மீன்தொட்டிக் கடைக்காரர்கள் தெரிந்தே சொல்லாமல் விற்கிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

பல வருடங்களுக்கு அப்புறம் வீட்டில் மறுபடியும் நன்னீர் மீன்தொட்டி வைக்கிறேன். இந்த முறை நிஜச் செடிகளோடு. முதலில் கிரிப்டோகோரைன் வெண்ட்டி வாங்கினேன். இலங்கை ஓடைகளில் வளரும் செடி, நம் சிங்கப்பூர்ச் சூட்டையும் ஓரளவு தாங்கும். கடையில் பார்த்தபோது ஒவ்வோர் இலையும் தடிமனாக, விறைப்பாக நின்றது. தொட்டியில் நட்ட கொஞ்ச நாளிலேயே விளிம்புகள் கண்ணாடி மாதிரி வெளிறி, விரல் பட்டாலே கொழகொழவென்று கையோடு வந்தன. போய்க் கேட்டால் “உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை” என்கிறார் கடைக்காரர். அவர் கடைக் குழாயில் வருவதும் என் வீட்டுக் குழாயில் வருவதும் பொதுப் பயனீட்டுக் கழகத்துத் தண்ணீர்தானே!

நடந்தது இதுதான். பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலை காற்றில் நிற்கும்படி வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் சீக்கிரம் வளரும், பாசியும் பிடிக்காது. காற்றுக்குப் பழகிய இலை தண்ணீருக்குள் போனதும் அழுகிவிடும். வேர் நன்றாக இருந்தால் தண்ணீருக்கேற்ற மெல்லிய புது இலை தானே வரும். ‘பழைய இலை போகும், செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.’ விற்கும்போது இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெரியாமல் எத்தனை பேர் உயிருள்ள செடியைக் குப்பையில் போட்டிருப்பார்கள்!

இதைவிட மோசம், சில கடைகள் லக்கி பேம்பூவையே தண்ணீருக்குள் முழுசாக முக்கி வைத்து விற்பது. அது தரைச்செடி. வேர் தண்ணீரில் நிற்கலாம், இலை மூழ்கினால் மெல்ல மெல்லச் சாகும். இதற்குப் பெயர் வியாபாரமா?

செடி போனால்கூடப் போகட்டும். மீன்? அன்று கடையில் ஒரு தமிழ்க் குடும்பம், தொட்டி கேட்டு அடம்பிடிக்கும் ஒரு சின்னப் பெண். புதுத் தொட்டி, புது மண், கூடவே ஒரு பை நியான் டெட்ரா மீன். நாளைக்கே விடலாம் என்று கடைக்காரர் கூசாமல் சொல்கிறார். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற பாக்டீரியா வேண்டும். இந்த அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்பவை. புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போதாக்குறைக்கு, சத்து சேர்த்த செடி மண் பலவும் புதிதில் தானே அம்மோனியாவைக் கக்கும். கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன!

அந்த அப்பா பாவம், தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போதுமா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டல்! இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்ப்பது குளோரமின். வெறும் குளோரின் ஒரே ராத்திரியில் பறந்துவிடும், இது பறக்காது. அதை முறிக்கிற மருந்து விட்டே ஆக வேண்டும். என்னால் பொறுக்க முடியவில்லை. “தம்பி, இன்னைக்கு மீன் வாங்காதீங்க, பாப்பாகிட்ட நான் சொல்றேன்” என்று குறுக்கே போய்விட்டேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

சூட்டைப் பற்றியும் மூச்சு விடுவதில்லை. நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 29, 30 டிகிரி இருக்கும். விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், அவ்வளவுதான். 24 டிகிரி கேட்கும் செடியை எடுத்து நீட்டும்போது, வீட்டில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

செத்த மீனுக்குப் பதிலாக வேறு மீன் வாங்க ஆள் திரும்பி வருவார், இன்னும் பத்து வெள்ளிக்கு வாங்குவார் என்பது கணக்கு. ஆனால் வந்தவர்களில் பலர் மனம் வெறுத்துத் தொட்டியையே வேண்டாமென்று கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். நான் கேட்பது ஒரே ஓர் அட்டை. ‘புதுத் தொட்டியா? நான்கு வாரமாவது பொறுங்கள், அம்மோனியா சோதித்த பிறகு மீன் வாங்குங்கள்.’ கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி.