அம்மாவா, அத்தையா? ஏழு நாளுக்குள்ள டிக் பண்ணணுமாம்

புது வேலைக்குச் சேர்ந்து இன்னையோட பதினெட்டு நாள். என்ன வேலைன்னு கேட்டா இன்னும் ஒழுங்காச் சொல்லத் தெரியல. ஃபார்ம் ரொப்புற வேலைன்னா நான் ரெடி, அதுல இப்ப என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

சேர்ந்தது திங்கக்கிழமை. பெங்களூர்ல இருந்து ஒரு ஹெச்.ஆர். பொண்ணு வீடியோவுல வந்து, "பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் ஏழு நாளைக்குள்ள போர்ட்டல்ல முடிச்சிருங்க, விட்டா அடுத்த ஏப்ரல்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருச்சு. லிங்க் ஆபீஸ் மெயிலுக்குத்தான் வரும். மெயில் ஆபீஸ் லேப்டாப்புலதான் தெறக்கும். லேப்டாப் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு. ஹெல்ப்டெஸ்க்குக்கு சனி, ஞாயிறு லீவு. அப்ப அந்த ஏழு நாள் யாருக்குக் குடுத்த ஏழு நாள்?

மதுரை வடபழஞ்சி ஆபீஸ்ல இருந்து ரெண்டு பஸ் மாறி ஜெய்ஹிந்த்புரம் வீட்டுக்கு வந்து, சோத்தை வடிச்சு வச்சுட்டு உக்காந்தேன். மொதக் கட்டமே பேரு. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல் முன்னாடி நிக்கும். பான் கார்டுல அதே அப்பா பேரு முழுசா விரிஞ்சு பின்னாடி போயிருச்சு. ஆதார்ல கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். பழைய கம்பெனி வாங்கிக் குடுத்த யூ.ஏ.என்.ங்கிற பி.எஃப். நம்பர்ல பழைய இனிஷியல். போர்ட்டல் சொல்லுது, பேரு பொருந்தலையாம். எதுதான் உங்க ஒரிஜினல் பேரு மேம்னு கேக்குது அந்தப் பொண்ணு. மூணும் நான்தான் தாயி!

அதுக்கும் மேல, பழைய கம்பெனிக்காரய்ங்க நான் விலகுன தேதியைப் போடாமலே விட்டுருக்காய்ங்க. ரெண்டு மாசம் கழிச்சு நானே போட்டுக்கலாமாம். அதுக்கு ஆதார் ஓ.டி.பி. வேணும். ஆதார்ல இருக்குறது உசிலம்பட்டியில இருக்குற எங்கப்பா நம்பர். போன் போட்டு, "அப்பா, ஆறு நம்பர் வந்திருக்கும், வாசிங்க"ன்னேன். "இங்கிலீசுல என்னென்னமோ வந்து கெடக்குத்தா, எதைச் சொல்ல?"ன்னு கேட்டு, கடைசியில எவனோ லோன் தர்றேன்னு அனுப்புன மெசேஜுல இருந்து ஆறு நம்பரை எடுத்து நிதானமா வாசிச்சாரு. அதுக்குள்ள பத்து நிமிசம் முடிஞ்சுபோச்சு.

சரி, இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கிறலாம். இன்சூரன்ஸ் பக்கத்துக்கு வந்தேன் பாருங்க, அங்கதான் எனக்கு ஏறிருச்சு.

புருஷன், பிள்ளைக்குக் கம்பெனி கட்டிரும். பெரியவங்களைச் சேர்க்கணும்னா நம்ம காசு, வருஷத்துக்கு 18,000, மாசம் ஆறாயிரம்னு மூணு தவணையில சம்பளத்துல பிடிப்பாங்க. பிடிக்கட்டும். ஆனா அதுல ரெண்டே ரெண்டு வட்டம். ஒண்ணு பெத்தவங்க. இன்னொண்ணு மாமனார், மாமியார். ஏதாவது ஒரு ஜோடியைத்தான் தொடணும். இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு கலக்கக் கூடாது. ஒரு தடவ டிக் பண்ணிட்டா அந்த வருஷத்துக்கு மாத்தவும் முடியாது.

எங்கம்மாவுக்குச் சுகர். பழைய வேலையில சம்பளம் 21,000-த்துக்குள்ள இருந்ததால இ.எஸ்.ஐ.ங்கிற கவர்மெண்ட் வைத்தியத் திட்டம் இருந்துச்சு, மாத்திரை அங்கயே வாங்கிக்கும். இப்பச் சம்பளம் கூடிருச்சுல்ல, இ.எஸ்.ஐ. போச்சு. இங்க எங்க அத்தைக்கு பி.பி., போன ஆடியில கெறக்கம் வந்து அடுப்படியில விழுந்தவுக. பிள்ளையை நம்பி விட்டுட்டு நான் வேலைக்குப் போறதே அவுக இருக்குறதாலதான். இவுக ரெண்டு பேருல ஒருத்தரைக் கழிச்சு விடணும்னு ஒரு வெப்சைட் எனக்கு உத்தரவு போடுது. பதினஞ்சு நிமிசத்துல முடிவு சொல்லலைன்னா வெளிய தள்ளிரும், மறுபடி மொதல்ல இருந்து பேரு.

பக்கத்து சீட்டுத் தம்பி இதே பக்கத்துல அப்பா அம்மாவை டக்குனு டிக் பண்ணிட்டு டீ குடிக்கக் கெளம்பிட்டான். மாமியாரைப் போட்டியான்னு அவனை ஒருத்தரும் கேக்கப் போறதில்ல. கேள்வி ஒரே கேள்விதான், எனக்கு மட்டும் அது வீட்டுக்குள்ள பஞ்சாயத்தா வந்து நிக்குது.

வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "உன் இஷ்டம்"னாரு. இந்த உன் இஷ்டத்துக்கு என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆன பொம்பளைக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு அம்மா அப்பாவை டிக் பண்ணிட்டேன். உடனே அடுத்த கட்டம்: அம்மாவோட சர்நேம் கட்டாயமாம். எங்க ஊர்ல எவளுக்குங்க சர்நேம்? புள்ளி வச்சேன், செல்லாதுன்னுச்சு. கோடு போட்டேன், அதுவும் செல்லாது. நேரமாகுதேன்னு பேரையே ரெண்டாந்தடவையும் அடிச்சு விட்டேன். இப்ப வந்திருக்குற கார்டுல கொட்டை எழுத்துல "பாண்டியம்மாள் பாண்டியம்மாள்". வாட்சப்புல அனுப்புனேன். "ஏண்டி, ரெண்டு தடவ போட்டிருக்காய்ங்களே, ரெண்டு பேருக்கா பாப்பாய்ங்க?"ன்னு கேக்குது. ஆதாரும் கார்டும் பொருந்தலைன்னு ஆஸ்பத்திரியில என்ன சொல்வாங்களோன்னு எனக்கு வயித்தக் கலக்குது.

இவ்வளவுக்கும் கிடைச்சது மூணு லட்சம் கவர். ரூம் வாடகை அதுல ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000. அயிந்தாயிரம் ரூவா ரூம்ல படுத்தா மேல உள்ள ரெண்டாயிரத்தை மட்டும் நாம கட்டுனாப் போதும்னுதான் நானும் நெனச்சேன். அப்படி இல்லையாம். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் வாடகைன்னு அதுலயும் அதே விகிதத்துல வெட்டிருவாங்களாம். நாப்பத்திரண்டு பக்கப் பி.டி.எஃப்.ல முப்பத்தொண்ணாம் பக்கத்துல பொடி எழுத்துல கெடக்கு.

இதுல பெனிஃபிட்ஸ்ங்கிற வார்த்தையே எனக்கு எரியுது. சி.டி.சி., அதாவது கம்பெனி எனக்காகச் செலவு பண்றது மொத்தம், மாசம் முப்பதாயிரம்னு சொல்லித்தான் கூப்பிட்டாய்ங்க. கம்பெனி எனக்காகப் போடுற பி.எஃப். 1,800 அந்த முப்பதுக்குள்ளதான் இருக்கு. அதுலயும் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போயிரும், மிச்சம் 550-தான் பி.எஃப்.ல ஏறும். அப்புறம் என் பங்கு 1,800. அஞ்சு வருஷம் இருந்தாத்தான், அதுவும் வேலையை விடுறப்பத்தான் கைக்கு வர்ற கிராஜுவிட்டிக்கு மாசம் 721 ரூவாயை இப்பவே கழிச்சுக் காட்டுறாய்ங்க. கல்யாண வீட்டுல நம்ம எழுதுன மொய்யை எடுத்து நமக்கே தாம்பூலப் பையில போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு.

அம்மா பேரைத் திருத்தச் சொல்லி ஹெல்ப்டெஸ்க்குல புகார் டிக்கெட் போட்டு பதினோரு நாளாச்சு. நடுவுல ஒரு தடவ, முடிஞ்சதுன்னு அவுகளே மூடிட்டாங்க. போய்ப் பாத்தா ரெண்டு பாண்டியம்மாளும் அப்படியேதான் இருக்காக. மறுபடி தெறந்திருக்கேன்.

நேத்து சாயங்காலம் அத்தை கீரை ஆய்ஞ்சுக்கிட்டே மெதுவாக் கேட்டாக: "உங்க ஆபீஸ்ல என்னமோ ஆஸ்பத்திரிக் கார்டு குடுத்தாகளாமே?"

நான் குழம்புக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாக்காம கரைச்சுக்கிட்டே இருந்தேன்.