திருவிருந்தில் யார் முதலில்?

விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பிரிக்க முடியாது என்று போதகர் தம் கட்டுரையில் ஐரோப்பியத் தத்துவவாதிகளைக் காட்டி எழுதியிருப்பது சரிதான். ஆனால் அதற்கு உதாரணம் தேடி அவர்களிடம் போயிருக்க வேண்டாம்; நம் சபை வரலாறே போதும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். தனித்தனி இருக்கை, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பொதுப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது, இதுதான் சண்டை. கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றிய தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே பிஷப்பை எதிர்த்தவர்களோடு நின்றார். அவர் பாட்டை இன்றும் உருகித்தான் பாடுகிறோம், அது இருக்கட்டும். இருக்கைப் பிரச்சினை ஒருவழியாக ஓய்ந்தது. கல்லறைத் தோட்டம்? சில ஊர்களில் இன்னும் சாதிக்கு ஒன்றுதான். அடுத்த கட்டுரையில் போதகர் அதைப் பற்றியும் எழுதட்டும்.