மஞ்சள் ஏலமும் மின்சார ஏலமும்

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், சென்ற வாரம் ஒரு காதுகுத்து விருந்தில் என்னை மடக்கினான். "ஏனுங்ணா, மத்தியானத்துல எக்ஸ்சேஞ்சுல கரண்டு யூனிட் ரெண்டு ரூபாய்க்கும் கீழ போகுதாமா. எனக்கு மட்டும் ஏன் இந்த ரேட்டுல பில் வருது?" பந்தியில் உட்கார்ந்து இலை மடிப்பதற்குள் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் மின்சாரம் வாங்கும் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்பதால், நிதானமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நமக்குத் தெரிந்த சந்தையிலிருந்தே தொடங்குகிறேன். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து விலை குறிக்கிறார். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, ஒவ்வொரு விவசாயியின் சரக்குக்கும் தனித்தனி விலை. விலை பிடிக்காவிட்டால் மூட்டையைக் கிடங்கில் அடுக்கிவிட்டு அடுத்த ஆண்டு வரைகூடக் காத்திருக்கலாம். அவன் 'எக்ஸ்சேஞ்சு' என்று சொன்ன, 2008 ஜூன் மாதம் இந்தியாவில் தொடங்கிய மின்சாரப் பரிமாற்றகத்தில் இவை எதுவும் கிடையாது. மறுநாளைக்கான மின்சாரம் 15 நிமிடத் துண்டுகளாக, ஒரு நாளைக்கு 96 துண்டுகளாக ஏலம் போகிறது. ஒவ்வொரு துண்டிலும் தேவையை நிறைவு செய்யக் கடைசியாகச் சேர்க்கப்பட்ட விற்பனையாளர் கேட்ட விலையே, மலிவாகக் கேட்டவர் உட்பட அனைவருக்கும் கிடைக்கிறது. இது அநியாயம் என்று பலர் கருதுகிறார்கள், நான் கருதவில்லை. அவரவர் கேட்டதே அவரவருக்கு என்று வைத்தால், எல்லோரும் தம் உண்மைச் செலவை மறைத்துக் கடைசி விலை என்னவாக இருக்கும் என்று ஊகித்தே கேட்பார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரத்தைக் கிடங்கில் அடுக்க முடியாது என்பதால், பற்றாக்குறையான மாலை நேரத்தில் ஒரு பெரிய நிலையம் "பழுது" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாலே, மீதமுள்ள அத்தனை மின்சாரத்தின் விலையும் ஏறிவிடும்.

பிலிப்பைன்ஸ் நாடு இதைப் பட்டறிந்தது. 2001-இல் சட்டம் இயற்றி, 2006-இல் மின்சாரத்துக்கான மொத்த வியாபாரச் சந்தையைத் திறந்தார்கள். 2013 இறுதியில் மலம்பாயா எரிவாயு வயல் பராமரிப்புக்காக மூடப்பட்ட அதே நாட்களில் வேறு பல நிலையங்களும் நின்றுபோக, விலை அன்றைய உச்சவரம்பான யூனிட்டுக்கு 62 பெசோவைத் தொட்டது. மணிலாவின் வீட்டு இணைப்புகள் மீது அந்தச் சுமை இறங்கவிருந்தபோது உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2014 மார்ச்சில் ஒழுங்குமுறை ஆணையம் அந்த மாதங்களின் சந்தை விலைகளையே செல்லாது என்று அறிவித்தது. நுகர்வோர் அப்போதைக்குத் தப்பினார்கள் என்பது சரி. ஆனால் முடிந்த ஏலத்தைப் பின்னால் வந்து அழிக்கும் சந்தையில் புதிதாக முதல் போட யார் துணிவார்கள்? காவல்காரன் ஏலம் நடக்கும்போதே விழித்திருக்க வேண்டும்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற நாடுகளில் அன்றாட ஏலம் மிச்சம் மீதியைச் சரிக்கட்டும் இடமாகவே இருக்க வேண்டும். அடுப்பெரிவதே அதை நம்பி என்று ஆகிவிடக் கூடாது. பிரேசில் 2001-இல் வறட்சியால் நீர்மின்சாரம் வற்றி நாட்டின் பெரும்பகுதியில் பங்கீடு விதித்த பிறகு, விநியோக நிறுவனங்கள் தாம் கணிக்கும் தேவை முழுவதையும் முன்கூட்டியே ஒப்பந்த ஏலத்தில் வாங்கியாக வேண்டும் என்று 2004-இல் விதியை மாற்றியது. அதே நேரம், போட்டி ஏலம் இல்லாமல் அவசரத்தில் கையெழுத்திட்ட நீண்டகால ஒப்பந்தமும் கழுத்தைப் பிடிக்கும். பாகிஸ்தான் 1994-க்குப் பிறகு தனியார் நிலையங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களால், எடுக்காத மின்சாரத்துக்கும், நிலையம் தயாராக இருப்பதற்காக என்று திறன் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பி இல்லாமல் சந்தை இல்லை என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008-க்குப் பின் வந்த மின்வெட்டு ஆண்டுகளில் ஆலைகள் போன்ற பெரிய உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு இருந்தது. மாலை உச்ச நேரத்தில் விளக்குப் போடும் அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஸ்பிண்டில்களை நிறுத்தி வைத்துவிட்டு, பரிமாற்றகத்தில் வாங்கலாம் என்று போனால், வடக்கே கேட்பாரற்றுக் கிடந்த மின்சாரம் தெற்கே வர வழி இல்லை. ஒரே நாடு, ஒரே ஏலம். ஆனால் வழித்தடம் நிரம்பியவுடன் சந்தை இரண்டாகப் பிரிந்து, தெற்குக்குத் தனி விலை வந்துவிடும். அந்த விலையில் வாங்கி நூற்ற நூலுக்கு அடக்கம்கூடக் கட்டாத மாதங்கள் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மின்தொகுப்போடு இணைந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் நேர்மின்பாதை வந்தது. விலை வேறுபாடு குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபுரங்கள் நம் விவசாயிகளின் தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவே எழுந்தன. 2018 இறுதியில் அவர்கள் நடத்திய போராட்டத்தை நாம் மறந்துவிட முடியாது. கம்பியால் கிடைக்கும் லாபத்தைக் கணக்கிடத் தெரிந்த ஆணையங்கள், நிலம் இழக்கும் மதிப்பையும் அதே தாளில் எழுதாதது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம் கட்டும் கேள்வி. 2022 ஆகஸ்டில், மின் உற்பத்தியாளர்களுக்கு நிலுவை வைத்திருந்த 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்கள் பரிமாற்றகத்தில் வாங்கவும் விற்கவும் தடுக்கப்பட்டன. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடன் சொல்லி வாங்குபவர் வருகிறார் என்றால் எந்த வியாபாரியும் அந்தக் கடனையும் விலையில் சேர்த்தே கேட்பான். மின்சாரத்துக்கும் அதே கதைதான். இங்கே சிலர் உடனே இலவச மின்சாரத்தையும் விவசாயியையும் குறை சொல்வார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டுப் போராடி 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களின் மண் இது. அந்தச் சலுகை சும்மா வந்துவிடவில்லை. மானியம் கொடுப்பது அரசின் உரிமை. அந்தத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவே சொல்கிறது. பம்புசெட்டுக்கு மீட்டர் வைப்பது கட்டணம் கேட்பதற்கு என்றே நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை அரசு எழுத்தில் போக்காதவரை, விவசாயப் பயன்பாடு எவ்வளவு, வழியில் இழப்பு எவ்வளவு என்பது மதிப்பீடாகவே நிற்கும். திருட்டும் கசிவும் அந்த மதிப்பீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலையும் இதனோடு சேர்ந்ததே. தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை பெரும்பாலான நுகர்வோருக்குக் கட்டணம் திருத்தப்படவே இல்லை. நிலக்கரி விலை ஏறியது, கடன் வட்டி ஏறியது, கட்டணம் மட்டும் உறங்கியது. எழுந்தபோது ஒரேயடியாக எழுந்தது; நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் தாங்காமல் 2023-இல் கோவை, திருப்பூர் சிறுதொழில்கள் கதவடைப்பு நடத்தின. என் தம்பியும் அன்று பட்டறையைப் பூட்டினான். ஆண்டுதோறும் சிறிதளவு திருத்தியிருந்தால் இத்தனை வலி இருந்திருக்காது. தன்னை நியமித்த அரசிடமே "இந்த ஆண்டு திருத்தியாக வேண்டும்" என்று சொல்லும் துணிவு ஆணையத்துக்கு வேண்டும். அந்தத் துணிவுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகி விலை சரிவதும், பொழுது சாய்ந்ததும் அதே யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பை முட்டுவதும் உண்மை. ஆனால் பரிமாற்றகத்தில் கைமாறுவது நாட்டின் மின்சாரத்தில் சிறு பங்கே. அவன் பில்லில் பழைய ஒப்பந்தங்களும், கம்பியும், கடன் வட்டியும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பகல் நேரத்துக்குக் கட்டணம் குறைய வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. அது பட்டறை வரை முழுமையாக வந்து சேர, நேரம் பார்த்துப் பதியும் மீட்டர் வேண்டும். இதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அப்ப பகல்ல லேத்த ஓட்டிட்டு சாயங்காலம் நிறுத்திக்கறேனுங்ணா. ஆர்டர் குடுக்கறவன் ராத்திரி ஷிப்டு ஓட்டச் சொன்னா அந்தக் காச யாரு குடுப்பா?"