முழங்கை இடித்தால் ஷாக் அடிப்பது கால்சியம் குறைவால் அல்ல

"முழங்கை இடிபட்டதும் விரல் வரை மின்சாரம் பாய்ந்தால் எலும்பில் கால்சியம் தீர்ந்துவிட்டது, உடனே மாத்திரை தொடங்குங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அங்கே அதிர்வது எலும்பு அல்ல, அல்நார் நரம்பு. முழங்கையின் உட்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையைத் தொட்டுப் பாருங்கள். அதன் பின்னாலுள்ள பள்ளத்தில், தோலுக்குச் சற்றே அடியில், தசையின் பாதுகாப்பில்லாமல் இந்த நரம்பு ஓடுகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு தருவது இதுதான்; அதனால்தான் அந்தப் பக்கமே சுரீரென்கிறது. வலுவான எலும்பு உள்ளவருக்கும் இப்படித்தான். எந்த உடற்கூறியல் பாடநூலிலும் சரிபார்க்கலாம்.

இடிபடாமலே விரல்கள் அடிக்கடி மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரை தொடங்க வேண்டாம். இந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.