ஆமாம், கடிகாரத்து பேட்டரியைக் கழற்றியது நான்தான்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஹால் கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவியது நான்தான். திங்கட்கிழமை காலையிலிருந்து வீட்டில் நடக்கும் விசாரணையில் குற்றத்தை ஏற்றாகிவிட்டது. ஆனால் ஒரு நல்ல மனுஷனை அந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டது எது என்று யாராவது கேட்டார்களா? பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறதே அந்த முகமூடி, கண்ணை மூடி வேறொரு மாய உலகத்தைக் காட்டுமாமே அந்த வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட், அதைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அதுவும் பீரோ மேல்தான் இருக்கும். டிரெட்மில் வாங்கியவர்களுக்காவது துண்டு காயப்போட ஓர் இடம் கிடைத்தது. இதில் அதுவும் முடியாது.

எல்லாம் வெள்ளிக்கிழமை ஆபீஸ் கேன்டீனில் ஆரம்பித்தது. "பாஸ், இந்த வருஷம்தான் வி.ஆர். வருஷம்" என்றான் ஒரு தம்பி. இந்த வசனத்தை நான் 2016-இலிருந்து கேட்கிறேன். அந்த வருஷம் ஓக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். என்று மூன்று ஹெட்செட்டும் வரிசையாக இறங்கின. ரிஃப்ட் 599 டாலர், அதற்குத் தீனி போட ஒரு பெரிய கம்ப்யூட்டர் தனி. சரி, வயர்தான் பிரச்சினை என்றார்கள். 2019-இல் வயர் இல்லாமல் குவெஸ்ட் வந்தது. சரி, விலைதான் பிரச்சினை என்றார்கள். 2020-இல் குவெஸ்ட் 2, 299 டாலருக்கு வந்தது. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? 2022-இல் அதே சரக்குக்கு 100 டாலர் ஏற்றினார்கள்! எலக்ட்ரானிக்ஸ் சாமான் நாளாக நாளாக விலை குறையும் என்றுதானே நாமெல்லாம் நம்பி வளர்ந்தோம்? 2024-இல் ஆப்பிள் தன் பங்குக்கு 3,499 டாலரில் ஒன்றை விட்டது. அதன் பேட்டரி தனியாக வயரில் தொங்கும், பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். கைலிக்கு ஏதய்யா பாக்கெட்?

என் பெட்டி எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மச்சான் தை மாசம் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. பரிசு என்பதால் திட்டவும் முடியாது, அதனால்தான் இங்கே வந்து திட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மனைவியும் பையனும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். மாமியார் உள்ளே படுத்திருந்தார். மணி சரியாக ஐந்தரை. எனக்கு வேண்டியது அரை மணி நேரம். பாட்டுக்குத் தக்கபடி பறந்து வரும் கட்டைகளைக் கத்தியால் வெட்டுகிற ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். பேராசையா இது?

எடுத்தேன். உயிர் இல்லை. போன தடவை நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றித்தான் மேலே வைத்தேன், சாமி சத்தியமாக. பீரோ மேல் சும்மா படுத்துக்கொண்டே தின்று தீர்த்திருக்கிறது. சார்ஜில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உலையில் அரிசி போட்டவன் மாதிரி.

ஆறேகாலுக்கு மாட்டினேன். "அப்டேட் தேவை." வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. நீலக் கோடு ஒன்று அங்குலம் அங்குலமாக நகர்கிறது. அதைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றால், கழற்றினால் தூங்கிவிடுமோ என்று பயம். அரைக் கிலோவைக் கழுத்தில் சுமந்துகொண்டு இருட்டில் ஒரு கோட்டைப் பார்த்தபடி சோபாவில் சாய்ந்திருந்தேன். 1968-இல் ஐவன் சதர்லேண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் முதன்முதலில் இப்படி ஒரு கருவி செய்தபோது, மனுஷன் தலை தாங்காது என்று அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்து கூரையிலிருந்து இறக்கி என் கழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்டேட் முடிந்தது. முடிந்த கையோடு என்னை யார் என்று கேட்டது. லாகின்.

இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். காற்றில் ஒரு கீபோர்டு மிதக்கும். கையிலிருக்கும் கன்ட்ரோலரிலிருந்து ஒரு ஒளிக்கோடு நீளும். அந்தக் கோட்டை ஒவ்வோர் எழுத்தாகக் குறிவைத்து விசையை அழுத்த வேண்டும். அழுத்தும்போது விரல் அசையும், விரல் அசைந்தால் கோடு பக்கத்து எழுத்துக்குத் தாவும். என் பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், அப்புறம் ஒரு நட்சத்திரம். இதே ஆட்கள்தான் அப்படி வைக்கச் சொன்னார்கள். நடுவீட்டில் நின்றுகொண்டு காற்றில் கோலம் போட்டேன். தப்பு. மறுபடி போட்டேன். தப்பு. மூன்றாவது தடவை உள்ளே விட்டது, ஆனால் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறதாம், ஐந்து நிமிஷத்துக்குள் போட வேண்டுமாம். போன் எங்கே? முகத்தில்தான் திரை இருக்கிறதே, போனை எந்தக் கண்ணால் தேடுவது? கழற்றினேன். எண்ணை மனப்பாடம் செய்தேன். மாட்டினேன். மூக்குக்கண்ணாடி உள்ளே கோணிக்கொண்டது. கழற்றினேன். எண் மறந்துபோனது.

சிரிக்காதீர்கள்.

கடைசியில் நுழைந்தேன். உடனே அடுத்த கோரிக்கை: விளையாடும் இடத்துக்கு எல்லை வரைந்து காட்டு. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரைக்கு ஆறரை அடி காலியாக இருக்க வேண்டும். சென்னைப் புறநகரில் சதுர அடி ஏழாயிரம் என்று வைத்தால்கூட ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாய்த் தரையை இதற்காகச் சும்மா போட்டு வைக்க வேண்டும். என் ஹாலில் சோபா, டீபாய், துணி காயும் ஸ்டாண்டு, பையன் சைக்கிள், மூலையில் 25 கிலோ அரிசி சிப்பம். எல்லாவற்றையும் நகர்த்தினேன். டீபாய்க் கால் தரையில் கீச்சிட்டதும் கீழ்வீட்டுக்காரர் கூரையில் தட்டினார். (அசோசியேஷன் கூட்டத்தில் சத்தத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவன் நான்தான் என்பது வேறு விஷயம்.) கையைத் தூக்கினால் ஃபேன் இறக்கைக்கு அரை அடிதான் பாக்கி, அதனால் ஃபேனை நிறுத்தினேன். சித்திரை மாசம். ஃபேன் இல்லை. முகத்தில் பஞ்சு.

அந்தப் பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் குவெஸ்ட் 2-இன் முகப் பஞ்சு பலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுத்ததால், அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பஞ்சுகளுக்கு ரீகால் அறிவித்து, மேலே மாட்ட சிலிகான் உறை கொடுத்தார்கள். அது அந்த ஊர் முகம். நம் முகத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, விபூதி இருக்கிறது. சாயங்காலம் இட்டுக்கொண்ட விபூதியில் பாதி லென்ஸில் விழுந்து, வி.ஆர். உலகம் முழுக்க ஐயப்பன் கோயில் சன்னதி மாதிரி மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைக் கண்ட துணியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து வெயில் லென்ஸில் பட்டால் பூதக்கண்ணாடி மாதிரி உள்ளேயிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். இரவில் விளக்கை அணைத்தால் அறையைப் பார்க்கிற அதன் கேமராவுக்கு வழி தெரியாது. மாப்பிள்ளை முறுக்குக்கூட இவ்வளவு நேரம் தாங்காது.

மணி ஏழு. இடது கை கன்ட்ரோலரில் பேட்டரி இல்லை.

வீட்டில் டி.வி. ரிமோட்டைத் திறந்தேன், ஒல்லி பேட்டரி. ஏ.சி. ரிமோட், அதுவும் ஒல்லி. அலமாரி, தையல் டப்பா, ஃப்ரிட்ஜ் மேல் என்று தேடாத இடமில்லை. குவெஸ்டைச் செய்கிற, ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா கம்பெனியின் வி.ஆர். பிரிவு 2024-இல் மட்டும் 1,770 கோடி டாலர் நட்டப்பட்டது. இந்தத் தொழிலில் அவ்வளவு பணம் கரைந்திருக்கிறது, நான் ஒரு பென்சில் பேட்டரிக்காக ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறேன். ஏறியபோதுதான் எதிரே கடிகாரம், மணி ஏழு பத்து. டிக், டிக் என்று என்னைப் பார்த்துக் கூப்பிட்டது.

விளையாடினேன். பதினோரு நிமிஷம். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பதினோரு நிமிஷமும் அருமை. கட்டைகள் பறந்து வர, நான் வெட்ட, பாட்டு ஏற, நாற்பத்திரண்டு வயசு மறந்தே போனது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒரு பெரிய கட்டையை இடது கையால் ஓங்கி வெட்டினேன். அது கொஞ்சம் சூடாக இருந்தது.

மாமியார். கையில் காபி டம்ளர். பாவம், எழுந்து காபி போட்டு, சமையலறை வாசலில் ரொம்ப நேரமாக நின்றிருக்கிறார். "மாப்பிள்ளை, இந்தப் பக்கம் வரலாமா" என்று இரண்டு தடவை கேட்டாராம். நான் "வா, வா, வந்து பாரு" என்றேனாம். கட்டையிடம் சொன்னது அது! டம்ளர் அரிசி சிப்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. சோபாவுக்கும் சுவருக்கும் நான் எல்லை வரைந்து வைத்தேன். அத்தைக்கு வரையத் தோன்றவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆளில்லாத வீட்டில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். நம் வீட்டில் ஹால் நடுவே கண்ணையும் காதையும் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? குக்கர் விசில் எண்ண வேண்டும், கூரியர்காரனுக்குக் கதவு திறக்க வேண்டும். போனில் விளையாடுகிறவன் "ம், சொல்லு" என்று தலையாட்டிக்கொண்டே விளையாடுவான். அதனால்தான் ஊரெல்லாம் போனில் ஆடுகிறது. கம்ப்யூட்டரில் விளையாட்டு வாங்குகிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையை வைத்திருப்பவர்களிலேயே ஹெட்செட் வைத்திருப்பவர்கள் பல வருஷமாக நூற்றுக்கு இரண்டு பேரைச் சுற்றியே நிற்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் தனி ரூம் இருக்கும்.

அப்புறம் சித்தப்பா. பொங்கலுக்கு வந்தவர் "கொடுடா பார்க்கலாம்" என்று வாங்கி மாட்டினார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் முறுக்கு தின்றுகொண்டே கடக்கிற மனுஷர். ரோலர் கோஸ்டர் போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சோபாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண் "பறக்கிறாய்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "சோபாவில்தானே இருக்கிறாய்" என்கிறது, இரண்டின் சண்டைக்கு வயிறு பஞ்சாயத்து செய்கிறது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே சாயங்காலம் வரை படுத்திருந்தார். இன்றைக்கும் போன் செய்தால் முதல் கேள்வி, "அந்தச் சனியன் இன்னும் இருக்கா?"

இருக்கிறது, சித்தப்பா.

ஞாயிறு இரவு எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தேன். சோபா, டீபாய், சைக்கிள், காபி வாசனையோடு அரிசி. ஒன்றே ஒன்றைத் தவிர.

திங்கள் காலை. ஸ்கூல் வேன் ஏழு நாற்பதுக்கு. மாமியார் நிமிர்ந்து பார்த்து, "ஏழு பத்துதான், நிதானமா சாப்பிடுடா" என்றார். பையன் நிதானமாகச் சாப்பிட்டான். மனைவி பார்த்தாள், ஏழு பத்து. இன்னொரு தோசை ஊற்றினாள். நானும் பார்த்தேன், எனக்கும் ஏழு பத்துதான் தெரிந்தது, பேப்பரைப் பிரித்தேன். மூன்று தோசைக்கு அப்புறமும் ஏழு பத்தாகவே இருப்பது முதலில் பையனுக்குத்தான் உறைத்தது. வேன் போய்விட்டது.

எனக்கு உண்மையான கோபம் அந்த வேன் டிரைவர் மேல்தான். தினம் ஏழரையிலிருந்து தெருவே எழுந்து உட்காரும்படி ஹார்ன் அடிப்பவர், அன்றைக்கு மட்டும் ஒரு "பீப்"கூட இல்லை. ஸ்கூல் வாசலில் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாக போனை எடுத்து, ஹார்ன் அடிக்கக் கூடாது என்று எங்கள் அசோசியேஷன் போன வாரம் எழுதிக் கொடுத்த கடிதத்தின் போட்டோவைக் காட்டினார்.

"நீங்கதான் சார் முதல் கையெழுத்து."