‘டெகோல்தே’ என்றால் ‘வி’ கழுத்து இல்லை

ஒருவர், ‘டெகோல்தே என்பது பிரெஞ்சில் வி கழுத்துக்குப் பெயர், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்கடையில் அப்படியே கேளுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். கேட்டுவிடாதீர்கள், தவறான கழுத்தோடு ஜாக்கெட் வந்து சேரும்.

அந்தச் சொல் வடிவத்தைக் குறிப்பதில்லை, இறக்கத்தைத்தான் குறிக்கிறது. லத்தீனில் கழுத்துக்கு ‘கொல்லும்’. அதிலிருந்து பிரெஞ்சு ‘கோல்’, அதன் சிறு வடிவம் ‘கோலே’, அதாவது காலர். முன்னால் ‘டெ’ சேர்ந்தால் நீக்குவது. காலரை நீக்கிக் கழுத்தைத் திறந்துவிட்டது, அவ்வளவே. வட்டமோ சதுரமோ வியோ, தாழ்ந்திருந்தால் எல்லாமே டெகோல்தேதான். ‘டெகோல்தாஜ்’ அதன் பெயர்ச்சொல். தெரியும் கழுத்து, மார்பின் மேற்பகுதியையும் குறிக்கும். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுத் தொழிற்சாலையில் அதே டெகோல்தாஜ், கம்பியைக் கடைந்து திருகாணி செய்யும் வேலை!

ஆகவே கடையில் வடிவத்தைத் தனியாகச் சொல்லுங்கள், இறக்கத்தை அங்குலத்தில் சொல்லுங்கள். கழுத்தை ஒட்டிய தோள் புள்ளியிலிருந்து நேர் கீழே அளக்கவேண்டும், தொண்டைக்குழியிலிருந்து அல்ல. இரண்டையும் குழப்பினால் 7 அங்குலம் கேட்டது 10 அங்குலம்போல இறங்கிவிடும்.

முன்னும் பின்னும் ஆழமாக வெட்டினால் தோள் நழுவும், பிடிக்கத் துணி இல்லையே. கழுத்து அகலத்தைப் பக்கத்துக்கு கால் அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள், பின்னால் நாடாவும் வையுங்கள். முன்கழுத்து வாய் பிளப்பதற்குக் காரணம் வேறு: வளைவு சாய்நூலில், அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக, வருவதால் தைக்கும்போதே இழுபடும். வெட்டியவுடன் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டி நிறுத்திவிட்டால் இழுபடாது.